யு, யு/ஏ, ஏ: ஓசூர் தியேட்டர் வாசலில் உலவும் நம்பிக்கைகள்

இந்தியத் திரையரங்கில் ஓடும் எந்தப் படத்துக்கும் மத்தியத் திரைப்படச் சான்றிதழ் வாரியத்தின் சான்றிதழ் வேண்டும். 1952ஆம் ஆண்டின் திரைப்படச் சட்டம் விதித்த நிபந்தனை இது. படம் தொடங்குமுன் சில நொடிகள் திரையில் நின்று மறையும் அந்தத் தாளை யாரும் படிப்பதில்லை. அதைப் பற்றிய கதைகளுக்கு மட்டும் குறைவில்லை. ஓசூர், கிருஷ்ணகிரிப் பக்கம் அந்தக் கதைகள் இன்னும் கொஞ்சம் கூடுதல். இங்கே தமிழும் தெலுங்கும் கன்னடமும் ஒரே தெருவில் பேசப்படுகின்றன. சிப்காட் தொழிற்பேட்டை ஆலைகளுக்கு வந்து சேர்ந்த வடமாநிலத் தொழிலாளர்களால் இந்திக்கும் ஆள் உண்டு. ஜூஜூவாடியைத் தாண்டினால் அத்திப்பள்ளி. அது கர்நாடகம்: வேறு மாநிலம், வேறு அரசு.

நம்பிக்கை: சென்சார் அதிகாரிகள் கத்தரிக்கோலோடு உட்கார்ந்திருக்கிறார்கள்.

1983 ஜூன் வரை வாரியத்தின் பெயரிலேயே ‘தணிக்கை’ இருந்தது. பிறகு அது ‘சான்றிதழ்’ வாரியமானது. பெயர் மாறியது, வாய் மாறவில்லை. இன்றும் எல்லோருக்கும் அது சென்சார்தான்.

வாரியத்துக்கு ஒன்பது வட்டார அலுவலகங்கள் உள்ளன. தமிழ்ப் படம் பொதுவாகச் சென்னைக்கும் கன்னடப் படம் பெங்களூருக்கும் போகும். முழுநீளப் படமென்றால் ஓர் ஆய்வு அலுவலரும் ஆலோசனைக் குழுவைச் சேர்ந்த நான்கு பேரும் பார்ப்பார்கள். அந்த நால்வர் அரசு ஊழியர்கள் அல்லர், வெளியிலிருந்து நியமிக்கப்படுபவர்கள். ஆளுங்கட்சிக்கு வேண்டியவர்களையே போடுகிறார்கள் என்ற முணுமுணுப்பு எந்த ஆட்சியிலும் ஓய்ந்ததில்லை. ஒவ்வொருவரும் தம் கருத்தைத் தனித்தனியே எழுதித் தருவார்கள். அதன் முடிவில் படத் தரப்புக்குப் பெரும்பாலும் வந்து சேருவது ஒரு பேரம்: இன்னின்ன இடங்களை நீக்கினால், இன்னின்ன சொற்களை மியூட் செய்தால் பெற்றோரின் முடிவுக்கு விடப்படும் யு/ஏ, அப்படியே வேண்டுமென்றால் பெரியவர்களுக்கு மட்டுமான ஏ. கத்தரிப்பது தயாரிப்பாளரின் எடிட்டர். எவ்வளவு என்பதைக் கணக்குப் போட்டு முடிவுசெய்பவரும் தயாரிப்பாளரே.

எல்லா வெட்டும் இந்த வகை என்று சொல்லிவிட முடியாது. நாட்டின் இறையாண்மை, பொது அமைதி, கண்ணியம், அவதூறு, நீதிமன்ற அவமதிப்பு போன்ற காரணங்களுக்காக, பெரியவர்களுக்கான படத்திலும் வாரியம் கைவைக்கலாம், சான்றிதழையே மறுக்கலாம். இப்படி முன்கூட்டியே தணிக்கை செய்வது செல்லுமா என்ற கேள்வியை இயக்குநர் கே.ஏ. அப்பாஸ் உச்ச நீதிமன்றம் வரை கொண்டுபோனார். செல்லும் என்று 1970இல் தீர்ப்பு வந்தது.

முடிவு பிடிக்காவிட்டால் மறு ஆய்வுக் குழு உண்டு. அதற்கும் மேலே ஒரு மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் இருந்தது. ‘ஆரண்ய காண்டம்’ படத்தில் வாரியம் 52 வெட்டுகள் கேட்டபோது படக்குழு போய் நின்றது அங்கேதான். படம் ஏ சான்றிதழோடு 2011இல் வெளிவந்தது. 2021 ஏப்ரலில் அந்தத் தீர்ப்பாயம் கலைக்கப்பட்டது. இப்போது குறை இருந்தால் நேரே உயர் நீதிமன்றம் போக வேண்டும். பெரிய நிறுவனத்துக்கு அது ஒரு வழக்கு, அவ்வளவே. வட்டிக்கு வாங்கிப் படமெடுத்தவருக்கு அந்தக் கதவு ஏறக்குறைய மூடியதற்குச் சமம்.

நம்பிக்கை: கர்நாடகத்துக்கு வேறு சென்சார், தமிழ்நாட்டுக்கு வேறு.

கிடையாது. படங்களுக்குச் சான்றளிப்பது அரசமைப்புச் சட்டத்தின் மத்தியப் பட்டியலில் 60ஆவது இனம். சென்னையில் வாங்கிய சான்றிதழ் அத்திப்பள்ளியிலும் செல்லும், அகர்தலாவிலும் செல்லும். மாநிலத்தின் கையில் இருப்பது தியேட்டர். உரிமம், காட்சி நேரம், டிக்கெட் விலை ஆகியவற்றுக்கு இந்தப் பக்கம் 1955ஆம் ஆண்டின் தமிழ்நாடு சட்டம், அந்தப் பக்கம் 1964ஆம் ஆண்டின் கர்நாடகச் சட்டம். 2023 ஆகஸ்டில் ‘ஜெயிலர்’ வெளியானபோது தமிழ்நாட்டில் முதல் காட்சி காலை 9 மணிக்கு. பெங்களூரில் அதற்கு வெகுமுன்பே தொடங்கிவிட்டது. விடியற்காலையில் ரஜினி ரசிகர்களை எல்லை தாண்ட வைத்தது இந்த நேர வித்தியாசம்தான். சான்றிதழ் இரண்டு இடத்திலும் ஒன்றே.

2025 ஜூனில் கூட்டம் எதிர்த் திசையில் வந்தது. கன்னட மொழி பற்றிக் கமல்ஹாசன் சொன்ன கருத்தை ஒட்டி எழுந்த எதிர்ப்பால், யு/ஏ 16+ பெற்ற அவருடைய ‘தக் லைஃப்’ ஜூன் 5ஆம் தேதி கர்நாடகத்தில் வெளியாகவில்லை. பெங்களூர் ரசிகர்கள் ஓசூருக்கு வந்து பார்த்தார்கள். சான்றிதழ் பெற்ற படத்தைத் திரையிட மாநில அரசு பாதுகாப்பு தர வேண்டும், கும்பல் தடுக்க விடக்கூடாது என்று உச்ச நீதிமன்றம் அதே மாதம் கண்டித்தது. கர்நாடகத்தைக் குறைசொல்வதற்கு முன் தமிழ்நாடு தன் முதுகையும் பார்த்துக்கொள்ள வேண்டும். 2013 ஜனவரியில் சான்றிதழ் பெற்ற ‘விஸ்வரூபம்’ படத்தை மாவட்ட ஆட்சியர்களின் 144ஆம் பிரிவுத் தடை உத்தரவுகளால் நிறுத்திவைத்தது இந்த மாநிலம். அதற்கும் முன்பு, ‘ஒரே ஒரு கிராமத்திலே’ படத்துக்குத் தந்த, எல்லோரும் பார்க்கத்தக்கது என்னும் யு சான்றிதழைச் சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்ய, உச்ச நீதிமன்றம் 1989இல் அதை மீட்டுத் தந்தது. எதிர்ப்பு வரும் என்ற மிரட்டலுக்காகப் பேச்சுரிமையை அடக்க முடியாது என்ற அந்தத் தீர்ப்பு பிற்காலத்து வழக்குகளில் திரும்பத் திரும்ப எடுத்துக்காட்டப்படுகிறது.

இந்த எல்லைப் பகுதியில் கவனிக்க வேண்டிய ஒரு நுணுக்கம் உண்டு. மாநிலம் மாறினால் சான்றிதழ் மாறாது. மொழி மாறினால் மாறலாம். மொழிமாற்றப் பதிப்பு ஒவ்வொன்றுக்கும் தனியாக விண்ணப்பித்துத் தனிச் சான்றிதழ் வாங்க வேண்டும். ஒரே கதையின் தெலுங்கு வடிவத்தில் ஒலித்த வசவு தமிழ் வடிவத்தில் மௌனமாகிப்போவது இதனால்தான்.

நம்பிக்கை: ஏ என்றால் ஆபாசப் படம்.

தமிழில் ஏ சான்றிதழ் பெற்ற முதல் படமென்று வழக்கமாகக் குறிப்பிடப்படுவது 1951இல் வந்த ‘மர்மயோகி’. எம்.ஜி.ஆர். நடித்தது. காரணம், ஆவி வரும் காட்சிகள். பேய்க்காக ‘வயது வந்தோருக்கு மட்டும்’ ஆன அந்தப் படத்தை இன்று எந்தப் பாட்டியும் பேரனோடு உட்கார்ந்து தொலைக்காட்சியில் பார்ப்பார். ‘வடசென்னை’, ‘விடுதலை’ படங்கள் ஏ பெற்றதும் ஆபாசத்துக்காக அல்ல. வன்முறையும் வசைச்சொல்லும் காவல் சித்திரவதையுமே அவற்றின் களம்.

நம்பிக்கை: யு/ஏ 16+ என்றால் பதினாறு வயதுக்குக் கீழே உள்ளவர்களை உள்ளே விடக்கூடாது.

பரவலான பிழைகளில் இதற்கே முதலிடம். 1983 வரை யு, ஏ இரண்டே பிரிவுகள். அந்த ஆண்டு யு/ஏவும், மருத்துவர் போன்ற குறிப்பிட்ட துறையினருக்கான எஸ் பிரிவும் சேர்ந்தன. அப்போது யு/ஏவுக்குக் குறிக்கப்பட்ட வயது 12. 2023ஆம் ஆண்டின் திருத்தச் சட்டம் அதை 7+, 13+, 16+ என்று மூன்றாகப் பிரித்தது. மூன்றுமே பெற்றோருக்கான அறிவிப்புகள். பெற்றோர் அல்லது பாதுகாவலரைத் தவிர வேறு யாரும் இந்தக் குறிப்பைக் காட்டிக் கட்டாயப்படுத்த முடியாது என்று சட்டமே சொல்கிறது. பத்து வயது மகளை யு/ஏ 16+ படத்துக்கு அழைத்துவரும் தந்தையைத் தடுக்க டிக்கெட் கிழிப்பவருக்கு அதிகாரம் இல்லை.

பிழையான புரிதல் என்ன செய்யும் என்பதற்கு 2023 மார்ச்சில் சாட்சி கிடைத்தது. ‘பத்து தல’ வெளியான அன்று சென்னைத் திரையரங்கு ஒன்றில், கையில் டிக்கெட் இருந்தும் நரிக்குறவர் சமூகத்துக் குடும்பம் வாசலிலேயே நிறுத்தப்பட்டது. காணொளி பரவியதும் நிர்வாகம் சொன்ன விளக்கம்: படம் யு/ஏ, பன்னிரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளை அனுமதிக்க முடியாது. பெரியவர்களோடு வந்த குழந்தைகளுக்கு அன்றைய சட்டத்திலும் அப்படியொரு தடை இல்லை. விதியைத் தெரியாமல் சொன்னார்களா, தெரிந்தே அதன் பின்னால் ஒளிந்துகொண்டார்களா என்பதை வாசகரே ஊகிக்கலாம்.

நம்பிக்கை: அப்பா அம்மா கூட வந்தால் ஏ படத்துக்கும் பிள்ளைகள் போகலாம்.

போகக்கூடாது. யு/ஏவில் முடிவு பெற்றோருடையது. ஏவில் பெற்றோருக்கும் உரிமை இல்லை. 18 வயது நிரம்பாதவருக்கு ஏ படத்தைக் காட்டுவது திரையிடுபவரின் குற்றம். மூன்றாண்டு வரை சிறை, ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். ஆட்டோவில் குடும்பத்தோடு வந்து இறங்கியவரைத் திருப்பி அனுப்பும் வாயில்காவலர் அந்தச் சமயத்தில் கெட்டவராகத் தெரிவார். சட்டம் அவர் பக்கம். பழக்கம் அமெரிக்கப் படங்களிலிருந்து வந்திருந்தால் குழப்பம் இயல்பு: அங்கே ஆர் என்ற பிரிவில் பெற்றோரோடு சிறுவர் போகலாம், அந்த முறையும் அரசினுடையது அல்ல, திரைத்துறையே நடத்துவது.

நம்பிக்கை: தயாரிப்பாளர்கள் யு கேட்டு அலைவது குடும்பங்களின் மேல் உள்ள அக்கறையால்.

அக்கறை பணத்தின் மேல். 2011இல் தமிழக அரசு கேளிக்கை வரி விலக்குக்குத் தமிழ்ப் பெயரோடு யு சான்றிதழையும் நிபந்தனையாக்கியது. வரியோ 30 விழுக்காடு வரை. ஒரே ஒரு எழுத்து கூடினால் வசூலில் கணிசமான பகுதி போய்விடும். ஆகவே அந்த ஆண்டுகளில் தமிழ்ப் படங்களில் நடந்த வெட்டுகளை ஒழுக்கத்தின் கணக்கில் எழுதுவது தவறு. 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்ததும் அந்தச் சலுகைமுறை முடிந்தது. இன்று இழுக்கும் கயிறு சாட்டிலைட் உரிமை. ஏ படத்தைத் தொலைக்காட்சியில் அப்படியே போட முடியாது. திருத்தித் தனிச் சான்றிதழ் வாங்க வேண்டும்.

நம்பிக்கை: பெரிய நடிகர் படமென்றால் யு/ஏ நிச்சயம்.

இதைப் பொய்யென்று ஒதுக்கிவிட முடியாது, மெய்யென்று எடுத்துக்கொள்ளவும் முடியாது. 2025 ஆகஸ்டு 14இல் வெளியான ரஜினிகாந்தின் ‘கூலி’ ஏ பெற்றது. விடுமுறை வாரத்தில் குழந்தைகளோடு வந்த குடும்பங்கள் ஏமாந்தன. தயாரிப்பு நிறுவனமான சன் பிக்சர்ஸ் சென்னை உயர் நீதிமன்றம் போனது. ‘கே.ஜி.எஃப்.’, ‘பீஸ்ட்’ போன்ற படங்களில் இல்லாத வன்முறையா, அவற்றுக்கு யு/ஏ தந்தபோது இதற்கு ஏன் ஏ என்பது அதன் வாதம். ஆய்வுக் குழு, மறு ஆய்வுக் குழு இரண்டும் ஏ என்றே சொன்னதையும், படத் தரப்பு அதை ஏற்றுப் படத்தை வெளியிட்டதையும் வாரியம் எடுத்துச் சொன்னது. அந்த மாதமே மனு தள்ளுபடியானது.

நீதிமன்றத்தில் தோற்றாலும் அந்தக் கேள்வி கனமானது. கோலார் தங்கவயல் கிருஷ்ணகிரி மாவட்டத்துக்கு அண்டைப் பகுதி. அந்தப் பெயரின் ஆங்கிலச் சுருக்கத்தைத் தாங்கிய ‘கே.ஜி.எஃப்.’ படத்தைச் சிறுவர்களோடு பார்த்த ஓசூர்க் குடும்பம், ‘கூலி’ வாசலில் திருப்பி அனுப்பப்பட்டால் காரணம் கேட்கத்தான் செய்யும். வன்முறையின் அளவை எண்ணிச் சொல்லும் கருவி வாரியத்திடம் இல்லை. 1991இல் வெளியிடப்பட்ட வழிகாட்டு நெறிகள், படத்தை அதன் மொத்தத் தாக்கத்தைக் கொண்டு மதிப்பிடச் சொல்கின்றன. மொத்தத் தாக்கம் என்பது ஐந்து பேரின் மனத்தில் நிகழ்வது. இன்னோர் அலுவலகத்தில், இன்னொரு நாளில், வேறு ஐந்து பேர் பார்த்தால் வேறாகலாம். கையூட்டு புகுவதற்கும் அங்கே இடமுண்டு என்ற குற்றச்சாட்டு 2023இல் எழுந்தது. ‘மார்க் ஆண்டனி’யின் இந்திப் பதிப்புக்கு மும்பையில் 6.5 லட்சம் ரூபாய் தர நேர்ந்ததாக நடிகர் விஷால் வெளிப்படையாகச் சொல்ல, மத்தியப் புலனாய்வுத் துறை வழக்குப் பதிந்தது.

ஆக, அநீதி என்று சொல்லத்தக்கது வயதுப் பிரிவுகளில் இல்லை. அவை முன்பைவிடத் தெளிவாகியிருக்கின்றன. ஒரு முடிவுக்கும் அடுத்த முடிவுக்கும் இடையில் ஒப்பிட்டுப் பார்க்கும்படியான காரணங்களைப் பார்வையாளருக்கு எழுதிக் காட்டாததில் இருக்கிறது. பிரிட்டனில் இதே வேலையைச் செய்யும் அமைப்பு, ஒவ்வொரு படத்துக்கும் எந்த வகைக் காட்சியால் அந்த வயது தரப்பட்டது என்று சில வரிகளில் வெளியிடுகிறது. தமிழ்ப் படங்களுக்கும் அங்கே அந்தக் குறிப்பு கிடைக்கிறது.

நம்பிக்கை: செல்போனில் வரும் படத்துக்கும் அதே சென்சார்.

இல்லை. 2021ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்ப விதிகளின்படி, ஓ.டி.டி. தளங்களே தங்கள் படங்களுக்கும் தொடர்களுக்கும் வயதுக் குறியிட்டுக்கொள்கின்றன. யு, 7+, 13+, 16+, ஏ என்ற அதே ஏணிதான். அதில் படத்தை ஏற்றிவைப்பது வாரியம் அல்ல. 13+ முதல் மேலே உள்ளவற்றுக்குப் பெற்றோர் பூட்டும் வசதி இருக்க வேண்டும், ஏ வகைக்கு வயதைச் சரிபார்க்கும் ஏற்பாடு வேண்டும். இரண்டாம் ஷிப்டு முடிந்து வரும் தொழிலாளியின் வீட்டில், தியேட்டர் வாசலில் மறுக்கப்பட்ட படம் சில வாரங்களில் அவருடைய செல்போனுக்கே வந்துவிடுகிறது. அந்தப் பூட்டைப் போடுவதும் திறப்பதும் அந்த வீட்டுக்காரர் வேலை.