பருத்திச் செடியின் உருவமும் பஞ்சின் பிறப்பும்

நம் அங்கத்தினருள் தறியில் அமர்வோரும் இருக்கின்றனர். ஏர் பிடிப்போரும் இருக்கின்றனர். இவ்விரு சாராருக்கும் இடையே நெடுநாளாக நடந்துவரும் வழக்கு ஒன்று உண்டு. நெசவாளர், "பாவில் நூல் அறுகிறது; சாயத்தில் தோய்த்தால் வெள்ளை வெள்ளையாகப் புள்ளி நிற்கிறது; பஞ்சு சரியில்லை" என்பார். சாகுபடியாளர், "நல்ல விதை தேடித்தான் விதைத்தோம், எடையில் குறைவில்லையே" என்பார். இருவர் சொல்வதும் மெய்யே. வழக்கின் விடை செடிக்குள்ளே இருக்கிறது. செடி எவ்விதம் கிளைக்கிறது, எப்பொழுது பூக்கிறது, பஞ்சு எந்த நாளில் என்ன நிலையில் இருக்கிறது என்பனவற்றை அறிந்தாலன்றி அவ்வழக்குத் தீராது.

பொதிகை அடிவாரத்தில், நெல்வயல் சூழ்ந்த விக்கிரமசிங்கபுரத்தில் பருத்திச் செடியைப் பற்றிப் பேசுவானேன் என்று சிலர் கேட்கலாம். 1880-களில் ஹார்வி சகோதரர்கள் பாபநாசத்தில் நூல் ஆலை நிறுவியது இங்கே பருத்தி விளைந்ததனால் அன்று. மலையிலிருந்து இறங்கும் தாமிரபரணியின் வேகத்தைக் கொண்டு இயந்திரங்களைச் சுழற்றலாம் என்பதனால்தான். பருத்தியோ கிழக்கே கோவில்பட்டி, விளாத்திகுளம் முதலான கரிசற் சீமையின் பயிர். ஆகவே நம் ஊரார் நூலை நன்கு அறிவர். செடியை அவ்வளவாக அறியார். அறிந்த நெல்லிலிருந்தே தொடங்குவோம்.

நெற்பயிரின் தூரைப் பிடுங்கித் தண்டின் அடியை நீளவாக்கில் கீறிப் பார்த்தால், இலையுறைகளுக்கு நடுவே ஊசிமுனையளவான ஒரு குருத்து இருக்கும். பயிரின் உருவம் முழுவதும் அந்த முனையில்தான் தீர்மானமாகிறது. அது ஓர் இலையை உண்டாக்குகிறது; அதன்மேல் மற்றோர் இலை; கீழிலைகளின் கக்கத்திலுள்ள மொட்டுகள் தூர்களாகின்றன. பிறகு ஒரு நாள், வெளியே யாதொரு மாறுதலும் தெரியாத வேளையில், அம்முனை இலை செய்வதை நிறுத்திக் கதிராக மாறிவிடுகிறது. அதன்பின் அத்தண்டில் புதிய இலை கிடையாது. கதிர் உருவான நாள் முதல் அறுவடை வரை ஏறக்குறைய அறுபத்தைந்து நாள். இக்கணக்குப் பெரும்பாலான நெல் வகைகளுக்கும் ஒன்றே. 1937-இல் அமைந்த அம்பாசமுத்திரம் நெல் ஆராய்ச்சி நிலையம் 1986-இல் அளித்த அம்பை 16 போன்ற குறுகிய காலப் பயிருக்கும், ஆறு மாதம் நின்ற பழைய நெல்லுக்கும் உள்ள வேற்றுமை, குருத்து கதிராக மாற எத்தனை நாள் காத்திருந்தது என்பதில்தான் பெரிதும் அடங்கியிருக்கிறது.

நெல்லின் குருத்துக்கு ஒரு முடிவு உண்டு. பருத்தியின் நடுத்தண்டுக் குருத்துக்கு இயல்பாக முடிவில்லை. நீரும் வெப்பமும் உள்ளவரை அது கணுவின்மேல் கணுவாக ஏறிக்கொண்டே போகும். ஏனெனில் பருத்தி பிறவியில் ஆண்டுப் பயிர் அன்று; பல ஆண்டு நிற்கும் புதர், சில வகைகளில் சிறு மரமே. அம்மரத்தைச் சில மாதங்களுக்குள் காய்த்து முடியும் செடியாக நாம் வைத்திருக்கிறோம். இதை மனத்திற்கொண்டால் மற்றவை எளிதில் விளங்கும்.

பருத்தியின் ஒவ்வோர் இலைக்கக்கத்திலும் மொட்டு உண்டு. அடிக்கணுக்களில் அது கிளைத்தால், தாய்த்தண்டைப் போலவே நேராக மேல்நோக்கிச் செல்லும் கிளை உண்டாகும். அதைத் தழைக்கிளை என்போம். ஐந்தாறு கணுக்களுக்கு மேல் சென்றபின் கிளையின் போக்கே மாறுகிறது. அங்கே தோன்றும் கிளை சிறிது நீண்டு, ஓர் இலையை விட்டு, நுனியில் ஒரு பூமொட்டாக முடிந்துவிடும். விவசாயிகள் சப்பை என்பது இம்மொட்டையே. அந்த இலையின் கக்கத்திலிருந்து அடுத்த துண்டு புறப்பட்டு, அதுவும் ஓர் இலையும் ஒரு சப்பையுமாக முடியும். இப்படித் துண்டு துண்டாக வளர்வதால் காய்க்கிளை நேராக இராமல் கோணல்மாணலாக இருக்கும். வயலில் இறங்கி ஒரு கிளையைக் கையில் பிடித்துப் பார்த்தால், அது நேரானதா கோணலானதா என்பதைக் கொண்டே காய் எங்கே வரும் என்று சொல்லிவிடலாம்.

பூப்பதிலும் ஓர் ஒழுங்கு உண்டு. கீழிருந்து மேலாக, அடுத்த காய்க்கிளையின் அதே இடத்துப் பூ மலர ஏறக்குறைய மூன்று நாள். ஒரே கிளையில் உட்புறத்திலிருந்து அடுத்த பூவுக்குச் செல்ல ஏறக்குறைய ஆறு நாள். ஆகையால் ஒரே செடியில் அடியில் வெடித்த காயும், நடுவில் பச்சைக் காயும், மேலே பூவும், உச்சியில் சப்பையும் ஒருங்கே இருக்கும். நெல்லில் காணாத இந்த நிலைமைதான் நாம் தொடக்கத்தில் கூறிய வழக்குக்குப் பாதிக் காரணம்.

எல்லாச் சப்பையும் காயாவதில்லை. பாதிக்கு மேல் உதிர்ந்துபோவது சாதாரணம். நீர் தேங்கினாலும், வறட்சி கண்டாலும், பல நாள் மேகமூட்டம் இருந்தாலும், புழு துளைத்தாலும் செடி தன் இளங்காய்களைக் கழித்துவிடுகிறது. தாங்கக்கூடிய அளவுக்கே அது சுமக்கும். நடுத்தண்டில் பதினைந்து கணுக்கள் ஆனதும் கொழுந்தைக் கிள்ளிவிடும்படி வேளாண்மைத் துறையினர் சொல்வதும் இதுபற்றியே. உச்சிக் கொழுந்தில் உண்டாகி அடியை நோக்கி இறங்கும் ஆக்ஸின் என்னும் பொருள் பக்கமொட்டுகளை அடக்கி வைக்கிறது. கொழுந்து போனால் அந்த அடக்குமுறை தளர்கிறது. ஏறிக்கொண்டே போகும் செலவும் மிச்சமாகிறது.

இனிப் பஞ்சுக்கு வருவோம். பஞ்சின் ஒவ்வோர் இழையும் விதைத்தோலின் ஒரே ஓர் உயிரணு. பல அணுக்கள் சேர்ந்த கயிறு அன்று; ஒற்றை அணுவே ஓர் அங்குலம் நீளுகிறது. அதன் அகலத்தோடு ஒப்பிட்டால் நீளம் ஆயிரம் மடங்குக்கும் மேல். ஒரு விதையின் மேல் இத்தகைய அணுக்கள் பதினாயிரத்துக்கும் மேற்பட்டவை கிளம்புகின்றன. பூ மலரும் நாளை ஒட்டி இவை விதைத்தோலிலிருந்து எழும்புகின்றன. சில நாள் பிந்தி எழுபவை நீளாமல் நின்று, அரைத்த கொட்டையின்மேல் ஒட்டியிருக்கும் சிறு மயிராகின்றன.

எழும்பிய இழை முதல் இருபது, இருபத்தைந்து நாள் நீளுகிறது. அப்பொழுது அதன் சுவர் மிக மெல்லியது. உள்ளே சாறு நிறைந்து, அச்சாற்றின் அழுத்தமே அதை நீட்டுகிறது. காற்றடைத்த நீண்ட தோற்பையை நினைத்துக்கொள்ளலாம். இந்நாட்களில் நிலத்தில் ஈரம் குறைந்தால் அழுத்தம் குறைகிறது, இழை குட்டையாகிவிடுகிறது. பிறகு எத்தனை நீர் பாய்ச்சினாலும் இழந்த நீளம் திரும்பாது.

நீளுவது முடியும் தறுவாயில் இரண்டாவது வேலை தொடங்குகிறது. செடி இலைகளில் ஆக்கிய சர்க்கரையைக் கொண்டு இழையின் உட்சுவரில் செல்லுலோஸ் என்னும் பொருளைப் படலம் படலமாகப் பூசுகிறது. முதிர்ந்த பஞ்சில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் இப்பொருளே. எகிப்தில் பருத்தியை ஆராய்ந்த லாரன்ஸ் பால்ஸ் என்னும் அறிஞர், இழையை ஊதவைத்து நுண்ணோக்கியில் பார்த்து, மரத்தின் வளையங்களைப் போல அதிலும் நாள் ஒன்றுக்கு ஒரு வளையம் இருப்பதை 1919-இல் அறிவித்தார். அதாவது, அந்தக் காய் எத்தனை நாள் நன்றாக உண்டது என்னும் கணக்கு நூலுக்குள்ளேயே எழுதப்பட்டிருக்கிறது! பூத்து ஐம்பது நாள் அளவில் காய் வெடிக்கும். வெயில் பட்டவுடன் சாறு வற்றி, குழாய் போன்ற இழை நாடாவைப் போல் தட்டையாகி முறுக்கிக்கொள்கிறது. இந்த இயற்கை முறுக்கு இல்லையானால் ஓரிழை மற்றோர் இழையைப் பற்றாது; நூற்பதும் இயலாது.

நெசவாளரின் வெள்ளைப் புள்ளிக்கு இப்போது விடை கிடைக்கிறது. சுவர் பூசும் நாட்களில் இலை உதிர்ந்தாலும், பூச்சி சாற்றை உறிஞ்சினாலும், வறட்சியால் காய் முன்னதாக வெடித்தாலும் இழை நீளமாகவே இருக்கும். சுவர் மட்டும் மெலிந்திருக்கும். அது அரவையில் சுருண்டு சிறு முடிச்சாகிறது. சாயத்தைச் சரியாக வாங்குவதில்லை. தொட்டுப் பார்க்கும் வியாபாரிக்கு மிருதுவாகத் தோன்றுவதால் நல்ல பஞ்சு என்றே ஏமாறவும் கூடும். விதை நல்லதாயிருந்தும் பஞ்சு கெடுவது இவ்விதமே.

இந்த உருவம் எவ்விதம் வந்தது? உலகில் நான்கு வகைப் பருத்திகளை மனிதர் தனித்தனியே வளர்ப்புப் பயிராக்கினர். அவற்றுள் இரண்டு நம் பக்கத்தவை. நம் கருங்கண்ணி ஒரு வகையையும், உப்பம் மற்றொன்றையும் சேர்ந்தவை. திருநெல்வேலிப் பஞ்சு என்று அந்நாளில் விலைபோனது இவ்விரண்டின் கலவையே. 1901-இல் தொடங்கிய கோவில்பட்டி ஆராய்ச்சி நிலையம் இக்கலவையைப் பிரித்துக் கருங்கண்ணியைத் தேர்ந்து பெருக்கப் பெரிதும் உழைத்தது. இவற்றின் அணுக்களில் 26 குரோமோசோம்கள் உண்டு. அமெரிக்கக் கண்டத்தின் இரண்டு வகைகளுக்கோ 52. அங்கிருந்த ஒரு காட்டினமும், நம் பருத்திகளுக்கு நெருங்கிய உறவான மற்றொன்றும் பத்து, இருபது லட்சம் ஆண்டுகளுக்கு முன் கலந்ததனால் இது நேர்ந்தது. அமெரிக்கக் காட்டினத்தின் விதையில் நூற்கத்தக்க பஞ்சு இல்லை. நீளும் குணம் நம் பக்கத்து உறவினரிடமிருந்தே சென்றது. அவ்விதை கடலில் மிதந்து அக்கரை சேர்ந்தது என்பது அறிஞர் பலரின் கருத்து. சென்ற நூற்றாண்டின் முதற் சில ஆண்டுகளில் நம் சீமைக்கு வந்த கம்போடியாப் பருத்தி அந்த அமெரிக்க இனத்தது. ஆகவே அதை முற்றிலும் அந்நியம் என்று சொல்ல நமக்கு மனமில்லை, பாதி உறவு.

மரம் செடியானது எப்படி? பழைய வகைகள் பகற்பொழுது குறைந்தால்தான் பூக்கும். இலையில் உண்டாகும் ஒரு பொருள் குருத்துக்குச் சென்று பூக்கச் சொல்கிறது என்று சோவியத் அறிஞர் சைலாக்கியான் 1930-களில் ஊகித்துப் புளோரிஜென் என்று பெயரிட்டார். அது ஒரு சிறு புரதம் என்று 2007-இல்தான் உறுதிப்பட்டது. குளிரோ நீண்ட வறட்சியோ வருமுன் காய்த்த செடியின் விதையே அடுத்த ஆண்டுக்கு மிஞ்சியது. அதையே உழவரும் எடுத்து வைத்தனர். தலைமுறை தலைமுறையாக இவ்விதம் நடக்க, முதற் காய்க்கிளை தோன்றும் கணு கீழே கீழே இறங்கி வந்தது. பெரிய மாறுதலாகத் தோன்றும் இது, மொட்டு மனம் மாறும் நேரம் முந்தியதே அன்றி வேறில்லை. இலையின் வடிவமும் இத்தகையதே. கருங்கண்ணியின் இலை விரல்போல் ஆழப் பிளந்தது. கம்போடியாவின் இலை அகன்றது. வெண்டையிலை போன்ற பிளவுடைய அமெரிக்கப் பருத்தி ஒன்றில், ஒரே ஒரு மரபுக்கூறு அவ்வேற்றுமையை உண்டாக்குவதாக 2017-இல் கண்டுபிடித்தனர். பிளந்த இலையின் ஊடே வெயில் அடிக்காய் வரை இறங்கும் என்பது விவசாயிக்கு உபயோகமான செய்தி.

ஆயினும் மரத்தின் குணம் செடியை விட்டு முற்றிலும் நீங்கவில்லை. அறுவடைக்குப் பின் விட்டுவைத்தால் மழை கண்டதும் மறுபடி துளிர்க்கும்; துளிரில் காய்ப்புழுவும் தண்டுக் கூன்வண்டும் அடுத்த பருவம் வரை தங்கி உயிர்வாழும். இதற்காகவே சென்னை மாகாணத்தில் 1919-இல் பயிர்ப் பூச்சி, நோய்ச் சட்டம் இயற்றிக் கம்போடியாச் செடிகளைக் குறித்த தேதிக்குள் பிடுங்கச் செய்தனர். 2002 முதல் நம் நாட்டில் பரவிய பி.டி. பருத்தியிலும் இளஞ்சிவப்புக் காய்ப்புழு பின்னாளில் எதிர்ப்பாற்றல் பெற்றுவிட்டதால், மார்களைப் பிடுங்கி அழிக்கும் வேலையின் அவசியம் குறையவில்லை.

எடுப்பைப் பற்றி ஒரு வார்த்தை. அடியிலும் நடுவிலும், தண்டை ஒட்டிய இடங்களில் முந்திப் பூத்த காய்களுக்கே செடியின் ஊட்டம் நிறையக் கிடைக்கிறது. அவற்றின் இழை முதிர்ந்தது. உச்சியிலும் கிளை நுனியிலும் கடைசியாக வெடிப்பவை பெரும்பாலும் மெலிந்தவை. இரண்டையும் ஒரே தாட்டில் அமுக்கினால் எடை கூடும்; ஆனால் அந்தக் கடைசி எடுப்பின் மெல்லிய இழை, நல்ல இழையோடு கலந்து நூலெங்கும் பரவிவிடும். கடைசி எடுப்பையும், புழுத்த காயின் பஞ்சையும், பாதி வெடித்த கொட்டுக்காயையும் வேறு வேறு சாக்கில் கட்டி, சாக்கின் மேல் எடுப்பின் எண்ணை எழுதி அனுப்ப வேண்டுகிறோம். காலைப் பனி உலர்ந்தபின் எடுப்பதும், காய்ந்து நொறுங்கும் பூவடி இலைகள் பஞ்சோடு வராமல் சுளையை மட்டும் பிடித்திழுப்பதும் எடுப்பவர் கையில் இருக்கிறது.