சீழ், சளி, காய்ச்சல்: நம்பிக்கைகளும் உண்மைகளும்

கிருமி உடலுக்குள் நுழைந்ததும் முதலில் வேலையைத் தொடங்குவது, நாம் பிறக்கும்போதே நமக்கு வாய்த்துவிட்ட எதிர்ப்பாற்றல். தோல், கண்ணீர், சளி, இரைப்பை அமிலம், கிருமிகளை விழுங்கும் வெள்ளணுக்கள் எல்லாம் இதில் அடக்கம். புதிதாக வந்த ஒரு கிருமிக்கென்றே எதிர்ப்பொருள்கள் போதிய அளவில் உருவாக ஒரு வாரமாவது ஆகும். அதுவரை சமாளிப்பது இந்தப் பிறவி எதிர்ப்பாற்றல்தான். நாம் நோய் என்று நினைத்துப் பயப்படும் அறிகுறிகள் பலவும் இதன் வேலைதான்.

நம்பிக்கை: காய்ச்சல் அடித்தால் உடனே இறக்கிவிட வேண்டும்.

உண்மை: சூட்டை ஏற்றுவது நம் மூளைதான். கிருமியைக் கண்ட வெள்ளணுக்கள் சைட்டோகைன் என்ற வேதிப்பொருள்களை ரத்தத்தில் கலக்கின்றன. அதன் விளைவாக மூளையிலுள்ள ஹைப்போதலாமஸ், உடலின் வெப்ப அளவை உயர்த்தி வைக்கிறது. அந்த அளவை எட்டத்தான் குளிரும் நடுக்கமும். பல கிருமிகளால் அந்தச் சூட்டில் வேகமாகப் பெருக முடியாது. பாராசிட்டமால் உடல்வலியைத் தணிக்கும், கிருமியைத் தொடாது. அதற்காகக் காய்ச்சலை அலட்சியம் செய்யவும் கூடாது. 3 மாதம் நிரம்பாத குழந்தைக்கு 100.4 டிகிரி ஃபாரன்ஹீட் வந்தாலே மருத்துவரிடம் போக வேண்டும். டெங்குவிலோ காய்ச்சல் விடும் நேரம்தான் ஆபத்தானது. ரத்த நாளங்களிலிருந்து நீர் கசிவது அப்போதுதான். கடும் வயிற்றுவலி, ஓயாத வாந்தி, ஈறில் ரத்தம் என்றால் தாமதிக்கக் கூடாது.

நம்பிக்கை: சளி பச்சையாகிவிட்டால் ஆன்டிபயாட்டிக் சாப்பிட்டே ஆக வேண்டும்.

உண்மை: அந்தப் பச்சை, நியூட்ரோஃபில் என்ற வெள்ளணுக்களுக்குள் இருக்கும் மைலோபெராக்ஸிடேஸ் என்சைமின் நிறம். வைரஸால் வந்த சாதாரணச் சளியும் சில நாளில் மஞ்சளாகும், பச்சையாகும். வைரஸிடம் ஆன்டிபயாட்டிக் பலிக்காது. மருத்துவர் பார்ப்பது மூச்சுத்திணறல் இருக்கிறதா, காய்ச்சல் எத்தனை நாளாக நீடிக்கிறது என்பதைத்தான். நிறத்தை மட்டும் வைத்து அவர் முடிவெடுப்பதில்லை. சளியிலேயே மருந்தும் இருக்கிறது. பாக்டீரியாவின் சுவரை உடைக்கும் லைசோசைம் என்ற என்சைமை மூக்குச்சளியில் அடையாளம் கண்டு 1922இல் அறிவித்தவர் அலெக்சாண்டர் ஃபிளெமிங். அவர் பென்சிலினைக் கண்டது அதற்கு 6 ஆண்டுகள் கழித்துத்தான்.

நம்பிக்கை: சீழ் என்பது கெட்ட ரத்தம், பிதுக்கி எடுத்துவிட வேண்டும்.

உண்மை: சீழில் பெரும்பகுதி, கிருமிகளை விழுங்கி மடிந்த நியூட்ரோஃபில்கள். எலும்பு மஜ்ஜை நாளொன்றுக்குச் சுமார் 10,000 கோடி நியூட்ரோஃபில்களை உருவாக்குகிறது. 1882இல் சிசிலித் தீவின் மெசினா நகரில், ஒளி ஊடுருவும் நட்சத்திரமீன் லார்வாக்களுக்குள் முள்ளைச் செருகிவைத்தார் ஆய்வாளர் இலியா மெச்னிகாஃப். மறுநாள் காலையில் பார்த்தால் முள்ளைச் சுற்றிச் செல்கள் மொய்த்திருந்தன. விழுங்கணுக்களைப் பற்றிய அந்த ஆராய்ச்சிக்கு 1908இல் நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. கட்டியைப் பிதுக்கினால் கிருமி ஆழத்துக்குப் போகலாம். பெரிய கட்டியென்றால் மருத்துவர்தான் கீறிவிட வேண்டும். வெட்டுக்காயத்தில் காப்பித்தூளை அப்புவதும் வேண்டாம். ஓடும் தண்ணீரில் கழுவிச் சுத்தத் துணியால் அழுத்திப் பிடித்தாலே ரத்தம் நிற்கும்.

நம்பிக்கை: சீழும் இல்லை, காய்ச்சலும் இல்லை என்றால் புண்ணில் கிருமி இல்லை.

உண்மை: சர்க்கரை நோயாளிகள் சிலர் இதை நம்பியே காலை இழக்கிறார்கள். ரத்தத்தில் சர்க்கரை ஏறியே இருந்தால் நியூட்ரோஃபில்களின் வேகமும் விழுங்கும் திறனும் குறைகின்றன. ரத்த ஓட்டமும் சரியில்லாத காலில் சிவப்பு, வீக்கம், காய்ச்சல் எதுவுமே பெரிதாகத் தெரியாமல் போகலாம். நரம்பு மரத்திருந்தால் வலியும் தெரியாது. ஆகவே பாதத்தை நாள்தோறும் கண்ணால் பார்த்தே ஆக வேண்டும்.

நம்பிக்கை: உடம்பு திடமாக இருந்தால் தடுப்பூசி எதற்கு?

உண்மை: டெட்டனஸை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் நஞ்சு மிகச் சிறிய அளவிலேயே ஆளைக் கொல்லும். எதிர்ப்பொருள் உருவாகத் தூண்டுவதற்கு அந்த அளவு போதாது. அதனால் டெட்டனஸ் வந்து பிழைத்தவரும் தடுப்பூசி போட்டுக்கொள்ள வேண்டும். ஊசி போட்ட கை வலித்து, லேசாகச் சுடுகிறதா? பிறவி எதிர்ப்பாற்றல் ஊசிமருந்தைக் கவனித்துவிட்டது என்று அர்த்தம்.

நம்பிக்கை: எதிர்ப்பு சக்தியைக் கூட்டக் கூட்ட நல்லது.

உண்மை: கொரோனா முற்றிய பலருக்கு நுரையீரலைச் சிதைத்தது, அடங்க மறுத்த அவர்களின் எதிர்ப்பாற்றலே. 2020 ஜூனில் பிரிட்டனின் ரெகவரி ஆய்வு, எதிர்ப்பாற்றலை அடக்கும் டெக்சாமெதசோன், வென்டிலேட்டரில் இருந்தவர்களின் மரணத்தைச் சுமார் மூன்றில் ஒரு பங்கு குறைத்ததாகக் காட்டியது. ஆக்ஸிஜன் தேவைப்படாதவர்களுக்கு அதே மருந்தால் பலன் இல்லை. ஆக, கேள்வி அளவையும் நேரத்தையும் பற்றியது. இதைச் சரிசெய்துதரும் பானமோ பொடியோ கடையில் கிடையாது. தினமும் வைட்டமின் சி மாத்திரை போட்டாலும் பொதுவாகச் சளி பிடிப்பது குறைவதில்லை. நம்மால் ஆவது, எதிர்ப்பாற்றலின் வேலையைக் கெடுக்காமல் இருப்பது. சர்க்கரையைக் கட்டுக்குள் வைக்கலாம், போதிய நேரம் தூங்கலாம். மூச்சுக்குழாயில் சளியை மேலே தள்ளும் நுண்மயிர்களை முடக்கும் சிகரெட்டை விட்டுவிடலாம்.