இளம் ஊழியரும் வேலைச் சுமையும்

சில ஆண்டுகளுக்கு முன், தீபாவளிக்கு முந்தைய வாரம். எங்கள் மண்டியில் சேர்ந்து நான்கு மாதமே ஆன பையன், துவரம்பருப்பு கேட்ட வெளியூர்க் கடைக்குப் பாசிப்பருப்பு மூட்டைகளை ஏற்றிவிட்டான். போக வர லாரி வாடகை நஷ்டம். எல்லோர் முன்னிலையிலும் திட்டினோம். மறுநாள் அவன் வரவில்லை.

பிறகுதான் யோசித்தோம். எடை பார்ப்பது, சிட்டை எழுதுவது, போன் எடுப்பது, லோடு ஏற்றுவது எல்லாம் அவன் தலையில்தான். காலை 8 மணிக்கு வந்தவன். தவறு நடந்தது இரவு ஒன்பதரைக்கு.

1947-ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடைகள், நிறுவனங்கள் சட்டப்படி வேலை நேரம் நாளுக்கு 8 மணி, வாரத்துக்கு 48 மணி. தொடர்ந்து 4 மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்காமல் 1 மணி நேர ஓய்வும் தரவேண்டும். ஊழியர் உட்கார இருக்கை வேண்டும் என்பது 2021-இல் வந்த திருத்தம். தெரிந்தும், 'சீசன்தானே' என்று சமாதானம் சொல்லிக்கொண்டோம்.

இப்போது எங்கள் மண்டியில்:

1. புதியவருக்கு முதலில் ஒரே வேலை. அது பழகிய பிறகே அடுத்தது.

2. லோடு ஏறுமுன் சிட்டையை வேறொருவர் சரிபார்ப்பார்.

3. சீசனில் இரவு வேலைக்குத் தனி ஆள்.

4. கண்டிப்பது தனியே அழைத்து.

அந்தப் பையன் இன்று வேறொரு கடையில் கணக்கையே கவனிக்கிறான். லாரி வாடகை அந்த மாதமே ஈடாகிவிட்டது. நல்ல ஆளை இழந்தது இன்னும் ஈடாகவில்லை.