சிறு டிராக்டர் வாங்குவோர் ஆராய வேண்டிய குதிரைச் சக்தியும் விலையும்

கும்மிடிப்பூண்டி தாலுகா தேர்வாய் கண்டிகையிலும் அதனைச் சூழ்ந்த கிராமங்களிலும் ஏர்மாடுகள் அருகிவிட்ட செய்தியை இவ்விதழைப் படிக்கும் அன்பர்களுக்கு நாம் எடுத்துரைக்க வேண்டுவதில்லை. கால்நடை மேய்ந்து வந்த தரையில் ஏறக்குறைய 1,100 ஏக்கர் சிப்காட் தொழிற்பூங்காவாயிற்று. கண்ணன்கோட்டை, தேர்வாய் கண்டிகை என்னும் இரண்டு ஏரிகளும் ஒன்றாக்கப்பட்டு, 2020-ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் சென்னை நகரக் குடிநீருக்குரிய நீர்த்தேக்கமாகத் திறக்கப்பட்டன. ஏர் பிடித்த குடும்பத்து வாலிபர்கள் பலர் இப்பொழுது டயர்த் தொழிற்சாலையிலும் பிற ஆலைகளிலும் ஷிப்டு வேலை பார்க்கிறார்கள். ஆகவே ஐந்தாறு ஏக்கர் வைத்திருப்பவரும் சிறு டிராக்டர் ஒன்று சொந்தத்தில் இருந்தால் நலமென்று கருதுவது இயல்பே.

ஆனால் அந்த யந்திரம் பெரும்பாலும் கடனுக்கே வாங்கப்படுகிறது. தொழிற்பூங்காவை அடுத்த நிலங்களுக்கு மதிப்பு ஏறியிருப்பதால் ஈட்டின்பேரில் பணம் கொடுப்பதற்கு ஆட்கள் ஆயத்தமாயிருக்கிறார்கள். தவணை தவறினால் அந்நிலத்தை வாங்குவதற்கும் ஆட்கள் ஆயத்தமாயிருக்கிறார்கள். இக்காரணத்தால் இவ்விஷயத்தைச் சற்று விரிவாகவே எழுதத் துணிந்தோம்.

சென்ற சம்பாப் பட்டத்தில் ஏரிப்பாசனப் பகுதியிலுள்ள ஒரு பட்டாதாரர் எமக்குச் சொல்லியனுப்பினார். அவர் 15 குதிரைச் சக்தியுள்ள ஒற்றைச் சிலிண்டர் டிராக்டர் ஒன்றைப் புதிதாக வாங்கியிருந்தார். உறவினர் ஒருவர் சகாய விலைக்குக் கொடுத்த 1.2 மீட்டர் அகல ரோட்டவேட்டரை அதில் பூட்டிச் சேற்றில் இறக்கியிருந்தார். பத்தடி செல்வதற்குள் எஞ்சின் திணறி நின்றுவிட்டது. "ஐயா, 15 குதிரை என்றுதானே விற்றார்கள், சேற்றில் இறங்கியதும் பாதிக் குதிரைகள் எங்கே போயின?" என்று அவர் கேட்டார். கேள்வி மிகச் சரியானது. அதற்கு விடை காண்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

குதிரைச் சக்தி ஒன்று என்பது 75 கிலோ எடையை ஒரு விநாடியில் ஒரு மீட்டர் உயர்த்தும் வலிமையாம். டிராக்டரின் முகப்பிலும் விளம்பரத்திலும் எழுதப்பட்டிருப்பது எஞ்சினில் பிறக்கும் சக்தி. அது பற்சக்கரப் பெட்டி வழியாகப் பின்புறமுள்ள பி.டி.ஓ. என்னும் சுழல்தண்டை அடையும்பொழுது ஒரு பகுதி குறைந்துவிடுகிறது. சக்கரங்களின் வழியாக மண்ணைப் பற்றி இழுக்கும் சக்தியாக மாறும்பொழுது இன்னும் குறைகிறது. ரோட்டவேட்டர், கதிரடிக்கும் யந்திரம், மருந்து தெளிப்பான் முதலியவை பி.டி.ஓ. சக்தியால் ஓடுவன. கொத்துக் கலப்பையும் டிரெய்லரும் இழுவைச் சக்தியால் செல்வன. குடியானவருக்கு வேண்டியவை இவ்விரண்டுமே. எஞ்சின் சக்தி அவற்றிற்கு மூலம் மாத்திரமே.

கம்பெனியார் வெளியிடும் விவரப் பத்திரங்களைப் பார்த்தால் இந்த வேறுபாடு தெளிவாகும். குபோட்டா நியோஸ்டார் ஏ211என் என்பது 21 குதிரைச் சக்தி, அதன் பி.டி.ஓ. சக்தி 15-க்குச் சற்று மேல். அதே கம்பெனியாரின் பி2741 என்பது 27 குதிரைச் சக்தி, பி.டி.ஓ. ஏறத்தாழ 19. மகிந்திரா ஜீவோ 245 என்பது 24 குதிரைச் சக்தி, பி.டி.ஓ. 22. ஆக, எஞ்சின் கணக்கில் 27 உடையது பி.டி.ஓ. கணக்கில் 24 உடையதற்குப் பின்தங்கி நிற்கிறது. இதைக் கொண்டு ஒன்று உயர்ந்தது, மற்றொன்று தாழ்ந்தது என்று முடிவு கட்டிவிடலாகாது. குபோட்டா யந்திரங்கள் மூன்று சிலிண்டர் உடையவை, அதிர்வு குறைந்தவை, எடையிலும் இலேசானவை. குறுகிய வரிசையுள்ள தோப்புகளில் அவை நன்றாக உழைக்கின்றன. மேலும் எல்லாக் கம்பெனியாரும் ஒரே முறையில் அளந்து எழுதுகிறார்கள் என்றும் கொள்வதற்கில்லை.

ஆகவே விற்பனையாளர் சொல்லையும் விவரப் பத்திரத்தையும் விடச் சோதனை அறிக்கையே நம்பத்தக்கது. மத்தியப் பிரதேசத்தில் புத்னி என்னும் ஊரிலுள்ள மத்திய அரசாங்கப் பண்ணை யந்திரப் பயிற்சி, சோதனை நிலையத்தில் டிராக்டர்கள் பரிசோதிக்கப்படுகின்றன. பி.டி.ஓ. சக்தி, இழுவை, டீசல் செலவு, எடை, தூக்கும் திறன் யாவும் அவ்வறிக்கையில் காணப்படும். விற்பனையாளரிடம் அதைக் கேட்டுப் பெறுவது வாங்குபவரின் உரிமை. காட்ட மறுப்பவரிடம் முன்பணம் கொடுக்க அவசரப்பட வேண்டாம்.

இத்தகைய சோதனை ஏற்பட்டதற்கே ஒரு குடியானவரின் நஷ்டம் காரணமாயிற்று என்பது பலர் அறியாத செய்தி. அமெரிக்காவில் நெப்ராஸ்கா மாகாணத்தைச் சேர்ந்த வில்மட் குரோசியர் என்ற விவசாயி, விளம்பரத்தை நம்பி வாங்கிய டிராக்டர் வேலைக்கு உதவாமற் போகவே, வேறொன்றை வாங்கி அதிலும் ஏமாந்தார். பின்னர் அவர் சட்டசபை அங்கத்தினராகி, அரசாங்கச் சோதனையில் தேறாத டிராக்டரை அம்மாகாணத்தில் விற்கலாகாது என்னும் சட்டம் 1919-இல் நிறைவேறக் காரணமானார். அடுத்த ஆண்டு முதல் அங்குச் சோதனைகள் நடைபெற்றன. நம்மவர் சட்டசபைக்குப் போக வேண்டுவதில்லை. அச்சிட்ட அறிக்கையைக் கேட்டு வாங்கினால் போதும்.

இனி எடையைப் பற்றிச் சொல்ல வேண்டும். இதைக் கவனிப்பவர் மிகச் சிலரே. இழுக்கும் பளுவைக் கிலோவிலும் வேகத்தை மணிக்குக் கிலோமீட்டரிலும் கொண்டு பெருக்கி, 270-ஆல் வகுத்தால் இழுவைக் குதிரைச் சக்தி வரும். 15 குதிரை எஞ்சினில் 8 குதிரை இழுவைக்குக் கிடைத்தால், மணிக்கு 3 கிலோமீட்டர் வேகத்தில் அது 720 கிலோ இழுக்க வேண்டும். கணக்கு அப்படிச் சொல்லும், மண் ஒப்புக்கொள்ளாது. பின்சக்கரங்கள் மாத்திரம் ஓட்டும் டிராக்டர் இளகிய மண்ணில் தன் எடையில் ஐந்தில் இரண்டு பங்கு இழுப்பதே பெரிது. 800 கிலோ எடையுள்ள யந்திரம் 320 கிலோவுக்கு மேல் இழுக்க முயன்றால் சக்கரம் சுழலுமேயன்றி வண்டி நகராது. டீசலும் டயரும் வீணாகும். நமது செம்மண் மேட்டில் நிலக்கடலைக்கு ஐந்து கொத்துள்ள, ஒரு மீட்டர் அகலக் கலப்பையை 12 சென்டிமீட்டர் ஆழம் பாய்ச்சினால், சதுர சென்டிமீட்டருக்கு 0.3 கிலோ வீதம் 360 கிலோ எதிர்ப்பு உண்டாகிறது. எஞ்சினில் சக்தி மிச்சமிருக்க, வண்டி நின்ற இடத்திலேயே பள்ளம் பறிப்பதன் இரகசியம் இதுதான்.

இதற்குப் பரிகாரம் மூன்று. பின்சக்கரங்களில் இரும்பு எடை பூட்டலாம்; டயரில் தண்ணீர் நிரப்பலாம்; அல்லது நான்கு சக்கர இயக்கமுள்ள யந்திரத்தை வாங்கலாம். நான்கு சக்கரமும் ஓட்டும்பொழுது எடை முழுவதும் பிடிமானத்துக்குப் பயன்படுவதால், இலேசான யந்திரமும் தன் எடையில் ஏறக்குறையப் பாதியை இழுக்கும். ஹாரி பெர்குசன் என்பவர் கலப்பையை மூன்று புள்ளிகளில் இணைத்து ஹைட்ராலிக் முறையால் தாங்கச் செய்ததும் இந்நோக்கத்தோடுதான். கலப்பையின் பளு பின்சக்கரத்தின்மேல் அழுந்துவதால் சிறு வண்டி பெரிய வேலை செய்தது. 1946 முதல் 1956 வரை இங்கிலாந்தில் ஐந்து இலட்சத்துக்கு மேல் செய்யப்பட்ட அவருடைய சாம்பல் நிற டிராக்டர் ஏறத்தாழ 25 குதிரைச் சக்தி உடையதே. இன்று நாம் சிறு டிராக்டர் என்று சொல்லுவது அக்காலத்தில் முழு டிராக்டராக மதிக்கப்பட்டது. மிகுந்த எடையும் நன்றன்று. ஏரியடிக் களிமண் சேற்றில் பளுவான யந்திரம் அச்சுவரை புதைந்துவிடும்.

இனி விலைக்கு வருவோம். ஒரு குதிரைச் சக்திக்கு எத்தனை ரூபாய் என்று வகுத்துப் பார்க்கும் பழக்கம் நம்மவரிடம் இருக்கிறது. அது மாடு வாங்குவதில் பல்லை மாத்திரம் எண்ணிப் பார்ப்பது போன்றது. 6 ஏக்கர் நஞ்சையில் சொர்ணவாரி, சம்பா, நவரை என மூன்று போகமும் பயிரிடுபவரை எடுத்துக்கொள்வோம். அவர்முன் இரண்டு யந்திரங்கள் இருக்கின்றன. ஒன்று 15 குதிரை, இருசக்கர இயக்கம், விலை 3,50,000 ரூபாய். மற்றொன்று 24 குதிரை, நான்கு சக்கர இயக்கம், விலை 5,50,000 ரூபாய். இவை கணக்கு விளங்கும்பொருட்டு யாம் வைத்துக்கொண்ட தொகைகள். வாசகர் தமக்குக் கிடைக்கும் விலையை இட்டுப் பார்க்க.

முதலாவது 0.8 மீட்டர் ரோட்டவேட்டரை மணிக்கு 2 கிலோமீட்டர் வேகத்தில் ஓட்டும். திருப்பத்துக்கும் தாமதத்துக்கும் பத்தில் மூன்று பங்கு கழித்தால், இரண்டு சால் சேற்றுழவுக்கு ஏக்கருக்கு 7 மணிக்குச் சற்று மேல் ஆகும். இரண்டாவது ஒரு மீட்டர் ரோட்டவேட்டரை இரண்டரை கிலோமீட்டர் வேகத்தில் ஓட்டி, அதே வேலையை நாலரை மணிக்குச் சற்று மேலான நேரத்தில் முடிக்கும். 6 ஏக்கருக்கு 43 மணியும் 28 மணியும் ஆகின்றன. நாளொன்றுக்கு 7 மணி வேலையென்றால் ஆறு நாளுக்கு மேலும், நான்கு நாளும். ஏரியில் தண்ணீர் நிறைந்திருந்தால் இந்த இரண்டு நாளைப் பொருட்படுத்த வேண்டியதில்லை. மதகு முறை வைத்துத் திறக்கப்படும்பொழுது, அல்லது நாற்றுக்கு வயது ஏறிக்கொண்டிருக்கும்பொழுது, அந்த இரண்டு நாளே விளைச்சலைத் தீர்மானிக்கும்.

பத்து ஆண்டில் தேய்மானம், சராசரி முதலுக்கு 10 சதவீத வட்டி, காப்பீட்டுக்கும் கொட்டகைக்கும் 2 சதவீதம் என்று கணக்கிட்டால், ஓட்டினாலும் ஓட்டாவிட்டாலும் ஆண்டுக்கு முதலாவதற்கு 57,750 ரூபாயும் இரண்டாவதற்கு 90,750 ரூபாயும் செலவாகும். டீசல் லிட்டர் 92 ரூபாய் வீதம் சிறியதற்கு மணிக்கு 2 லிட்டரும் பெரியதற்கு 3 லிட்டரும், ஓட்டுநர் கூலி, எண்ணெய், பழுதுச் செலவும் சேர்த்தால் மணிக்கு 344 ரூபாயும் 451 ரூபாயும் ஆகின்றன. சில்லறை வேலைகளையும் உட்படுத்தி ஆண்டுக்குச் சிறியது 159 மணியும் பெரியது 105 மணியும் ஓடினால், மொத்தச் செலவு முறையே ஏறத்தாழ 1,12,000 ரூபாய், 1,38,000 ரூபாய். வாங்கும்பொழுது இரண்டு இலட்சமாகத் தோன்றிய வேறுபாடு, ஆண்டுக்கு 26,000 ரூபாயாகச் சுருங்கிவிட்டதைக் காண்க.

இதைப் படித்ததும் பெரியதையே வாங்கிவிடலாமென்று எழுந்துவிட வேண்டாம். வாடகைக்கு வரும் 45 குதிரை டிராக்டர் ஏக்கருக்கு எல்லா வேலைக்குமாக 3,500 ரூபாய் வாங்குவதாக வைத்துக்கொண்டால், மூன்று போகத்து 18 ஏக்கருக்கு 63,000 ரூபாய்தான் ஆகிறது. சொந்த யந்திரம் இதைவிட 75,000 ரூபாய் அதிகமாக விழுங்குகிறது! இந்தப் பள்ளத்தை நிரப்ப, அயலார் நிலத்தில் மணிக்கு 900 ரூபாய் வீதம் ஆண்டுக்கு ஏறக்குறைய 170 மணி வாடகை வேலை கிடைத்தாக வேண்டும். அந்த வேலை தம் ஊரிலே கிடைக்குமா, ஓட்ட வீட்டில் ஆள் உண்டா என்பதை முதலில் நிச்சயம் செய்துகொள்ளவேண்டும். பையன் ஆலையில் ஷிப்டு வேலைக்குப் போகிறவனாயிருந்தால், உழவு நாளில் அவன் வருவான் என்று எண்ணிக் கடன் பத்திரத்தில் கையெழுத்திடுவது உசிதமன்று. அண்டை வயல்காரர் இருவர் மூவர் கூடி ஒன்றை வாங்குவது நல்ல வழி. உழவு முறையை முன்னரே எழுத்தில் வைத்துக்கொள்ளாவிடில் அது நல்ல சண்டைக்கும் வழி. வேளாண் வேலைக்கென்று பதிவு செய்த டிராக்டரில் வாடகைக்கு மண்ணும் செங்கல்லும் ஏற்றி இக்குறையை ஈடு செய்யலாமென்று சிலர் சொல்லுகிறார்கள். அது சட்டத்துக்கு மாறானது. விபத்து நேர்ந்தால் காப்பீடும் கைவிட்டுவிடும்.

விலையைக் குறைக்கும் வழிகள் இரண்டு உண்டு. 2025-ஆம் ஆண்டு செப்டம்பர் 22-ஆம் தேதி முதல் டிராக்டருக்குரிய சரக்கு, சேவை வரி 12 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைக்கப்பட்டது. வரியின்றி 5 இலட்சம் விலையுள்ள யந்திரத்துக்கு 35,000 ரூபாய் மிச்சம். இரண்டாவது மானியம். 2014-15-இல் தொடங்கிய மத்திய அரசாங்க வேளாண் யந்திரமயமாக்கல் துணை இயக்கத்தின் விதிகள், சிறு, குறு விவசாயிகளுக்கும் பெண்களுக்கும் ஆதி திராவிடர், பழங்குடியினருக்கும் 50 சதவீதமும், ஏனையோருக்கு 40 சதவீதமும், உச்சவரம்புக்கு உட்பட்டு வகுத்தன. அங்கும் டிராக்டர்கள் பி.டி.ஓ. சக்தியைக் கொண்டே, 8 முதல் 20 வரை ஒன்றும் 20-க்கு மேல் 40 வரை ஒன்றுமாகப் பிரிக்கப்பட்டன. நடப்பு ஆண்டுக்குரிய தொகையை வேளாண்மைப் பொறியியல் துறை அலுவலகத்தில் விசாரித்து, ஆணை கையில் வந்த பின்னரே யந்திரத்தை வாங்க வேண்டும். கிராம நிர்வாக அலுவலர்களுக்கு ஒரு வேண்டுகோள்: அடங்கலுக்காக ஒரு குடியானவர் நான்கு முறை நடக்கும்பொழுது அவ்வாண்டின் ஒதுக்கீடு முடிந்துவிடுகிறது.

முன்பணம் கொடுக்குமுன் விற்பனையாளரைத் தம் வயலுக்கே வரச் சொல்லி, தாம் பூட்டப்போகும் கருவியைப் பூட்டி, தமக்குள்ள மிகக் கடினமான மண்ணில் ஒரு மணி நேரமாவது ஓட்டச் செய்க. ஷோரூம் முற்றத்தில் எல்லா டிராக்டரும் நன்றாகவே ஓடும். உதிரி பாகம் எத்தனை கல் தொலைவில் கிடைக்கும், பழுது பார்ப்பவர் உழவுக் காலத்தில் எத்தனை நாளில் வருவார் என்பவற்றையும் ஏற்கெனவே வாங்கியவரிடம் கேட்டறிக.

நம் பட்டாதாரர் டிராக்டரைத் திருப்பிக் கொடுக்க முயன்றார், நடக்கவில்லை. யாம் சொன்னபடி 1.2 மீட்டர் ரோட்டவேட்டரை விற்று, 0.8 மீட்டர் அகலமுள்ளதை வாங்கினார். சக்கரத்துக்குக் கேஜ் வீல் பூட்டிக்கொண்டார். எஞ்சின் இப்பொழுது நிற்பதில்லை. நவரைக்குச் சேறடிக்க ஏழு நாள் ஆயிற்று. கடைசி இரண்டு ஏக்கருக்கு மாத்திரம் வாடகை டிராக்டர் வைத்துக்கொண்டதாகத் தெரிவித்தார்.