காலந்தாழ்ந்து செவிலியம் பயில விழைவோர்க்கு

செவிலி என்னும் சொல் அகப்பாடல்களில் தலைவியை வளர்த்த தாயைச் சுட்டுவது. நோயாளியைப் பேணுவோர்க்கு அச்சொல்லை இக்காலத் தமிழ் வழங்கியிருப்பது பொருத்தமேயாம். திருக்குறள் ‘மருந்து’ அதிகாரத்தின் இறுதிக் குறள், நோயாளி, மருத்துவன், மருந்து ஆகியவற்றோடு அருகிருந்து பணிபுரிவோனையும் மருத்துவத்தின் உறுப்பாக எண்ணுகின்றது. உரைகண்ட பரிமேலழகர் அவனுக்கு அன்பு, தூய்மை, சொன்னதைச் சொன்னவாறே செய்யும் வன்மை, அறிவு என்னும் நான்கினை வேண்டுவர். அகழ்ப்போரில் (கி.பி. 627) காயமுற்ற ஸஅத் இப்னு முஆத் (ரலி) அவர்களை, மதீனாப் பள்ளிவாசலில் ருஃபைதா (ரலி) அம்மையாரின் கூடாரத்தில் வைத்துப் பேணுமாறு நபிகள் நாயகம் (ஸல்) பணித்த செய்தியும் ஈண்டு நினையத்தக்கது.

பட்டம் பெற்றுக் கடைக் கணக்கெழுதியும் தையற்பொறி மிதித்தும் ஆண்டுகள் சில கழித்தபின் இப்பணியை நாடுவோர் நம்மிடையே உளர். அவர்கள் முதற்கண் எடுத்துப் பார்க்க வேண்டியது பட்டச் சான்றிதழையன்று, பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண் பட்டியலையே. நான்காண்டு பி.எஸ்சி. செவிலியத்திற்கு இயற்பியல், வேதியியல், உயிரியல் ஆகியன பயின்றிருத்தல் வேண்டும். கலைப்பிரிவில் பயின்றோர்க்கும் மூன்றாண்டுப் பட்டயப் படிப்பில் இடமளிக்க இந்திய செவிலியர் குழும விதிகள் இசைந்துள்ளன. எனினும் எல்லா நிறுவனங்களும் அவ்வாறு சேர்ப்பதில்லை. வயது வரம்பும் உண்டாதலின், விண்ணப்பக் குறிப்பேட்டில் அதனை முன்னரே பார்த்துவிடல் நன்று. பட்டயம் முடித்தோர் பின்னர் ஈராண்டு பயின்று பட்டமும் பெறலாம்.

இனி, ஏமாற்றம் நேருமிடம் ஒன்றுண்டு. ஓராண்டில், ஆறு திங்களில் செவிலியராக்குவோம் என்னும் சுவரொட்டிகளை நாம் தெருத்தோறும் காண்கின்றோம். அத்தகைய சான்றிதழைக் கொண்டு மருத்துவமனை உதவியாளராகலாம். தமிழ்நாடு செவிலியர் மற்றும் தாதியர் குழுமத்தில் செவிலியராகப் பதிவு செய்துகொள்ள இயலாது. 1926ஆம் ஆண்டுச் சட்டத்தின்வழித் தோன்றியது அக்குழுமம். அதன் பதிவின்றி அரசுப் பணியுமில்லை, வளைகுடா நாடுகளில் செவிலியப் பணியுமில்லை. நகையை அடகு வைத்துக் கட்டணம் செலுத்துமுன், அந்நிறுவனம் குழுமத்தின் ஏற்புப் பெற்றதா எனக் கேட்டறிக. கேட்பதில் நாணம் வேண்டா.

அஞ்சல்வழியில் இதனைத் தொடக்கநிலையிலிருந்து பயிலுதல் ஆகாது. பகலில் வகுப்பும் நோயாளர் கூடத்தில் பயிற்சியும், சிலபோது இரவுப் பணியும் உண்டு. எனவே பார்க்கும் வேலையை விட்டே ஆகவேண்டும். கட்டணத்தை மட்டும் கணக்கிட்டு, வருவாயற்ற மூன்று நான்கு ஆண்டுகளின் வீட்டுச் செலவை மறந்துவிடுவோரே இடையில் நின்றுவிடுகின்றனர். குழந்தை யாரிடம் வளரும், இரவுப் பயிற்சிக்கு வீட்டார் இசைவரா என்பனவும் சேருமுன் பேசி முடிக்க வேண்டியனவே.

தமிழ்வழி பயின்றோர்க்கு மொழியும் ஒரு தடையாம். உடற்கூற்றியல் நூல்கள் ஆங்கிலத்திலேயே உள்ளன. சேர்வதற்கு ஆறு திங்கள் முன்னரே எலும்பு, தசை, குருதிக்குழாய் ஆகியவற்றின் ஆங்கிலப் பெயர்களை நாளொன்றுக்குப் பத்தாகப் படித்து வரலாம். நிகண்டு மனனம் செய்த நம் மாணவியர்க்கு அஃது அத்துணை அரிதன்று.