கடலில் மீன் குறைவது ஏன்?

ஹைதராபாதில் கடல் இல்லை. ஆனாலும் எங்கள் மாலை வகுப்பில் ஒரு நாள் கடலைப் பற்றிப் பேச்சு வந்தது.

வகுப்புக்கு ஓர் அக்கா வருகிறார். அவருக்கு ராமநாதபுரம் மாவட்டத்தில் கடற்கரை ஊர். கணவர் நாட்டுப்படகில் மீன் பிடித்தவர். வலையில் மீன் குறைந்தது. டீசல் கடன் ஏறியது. படகை விற்றார்கள். பிழைப்பு தேடி இங்கே வந்தார்கள். கணவர் இப்போது கட்டட வேலைக்குப் போகிறார்.

அன்று மீன்பிடித் தடைக்காலம் பற்றிய செய்தியை வாசித்தோம். வாசித்து முடித்ததும் அக்கா கேட்டார்:

"எங்க மாமனார் காலத்துல வலை கிழியுற அளவுக்கு மீன் படுமாம். இப்ப ஏன் தம்பி படமாட்டேங்குது? கடலம்மாவுக்கு எங்க மேல கோபமா?"

கோபம் இல்லை. காரணங்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதல் காரணம்: குஞ்சுகளைப் பிடிப்பது

வலையின் கண் சிறியதாக இருந்தால் என்ன ஆகும்? குஞ்சு மீனும் தப்பாது. ஒரு முறைகூட முட்டையிடாத மீன் கரைக்கு வந்துவிடும். அது கழிவு மீனாகக் குறைந்த விலைக்குப் போகும். கோழித் தீவனமாக அரைபடும். விதை நெல்லைச் சோறாக்கித் தின்றால் அடுத்த போகம் ஏது? கடலிலும் அதே கதைதான்.

இரண்டாம் காரணம்: இழுவை மடி

இந்த வலை கடலின் அடித்தரையை வாரிக்கொண்டு போகும். மீனோடு கடற்புல்லும் பவளப்பாறையும் சிதையும். அவைதான் மீனுக்கு வீடு. வீடு போனால் மீன் எங்கே தங்கும்? பாக் நீரிணையில் இரு கரை மீனவர்களையும் இது பாதிக்கிறது. 2017இல் இலங்கை அரசு தன் கடலில் இழுவை மடிக்குத் தடை விதித்தது.

மூன்றாம் காரணம்: படகுகள் பெருகியது

ஒரு குளத்தில் பத்துப் பேர் மீன் பிடிக்கலாம். நூறு பேர் இறங்கினால்? படகுகள் பெருகின. எஞ்சின்களின் வேகமும் பெருகியது. ஆளுக்குக் கிடைக்கும் பங்கு சுருங்கியது.

நான்காம் காரணம்: கடல் சூடாவது

கேரளத்து மத்தி மீனைப் பாருங்கள். 2012இல் அங்கே கிட்டத்தட்ட 4 லட்சம் டன் மத்தி கிடைத்தது. 2021இல் கிடைத்தது வெறும் 3,297 டன். கடல் நீரின் சூடும், மழையும், நீரோட்டமும் மாறினால் மத்தியின் இரையும் குறையும். குஞ்சுகளைப் பிடித்ததும் சேர்ந்துகொண்டது. பிறகு மத்தி திரும்பி வந்தது. 2023இல் 1 லட்சம் டன்னைத் தாண்டியது. ஆகவே நம்பிக்கை இழக்க வேண்டாம்.

என்ன செய்யலாம்?

தமிழ்நாட்டில் 1983இல் கடல் மீன்பிடிப்பு ஒழுங்குமுறைச் சட்டம் வந்தது. கரையை ஒட்டிய 3 கடல் மைல் தூரத்துக்குள் விசைப்படகு மீன் பிடிக்கக் கூடாது என்று அது சொன்னது. 2001 முதல் ஆண்டுக்கு 45 நாள் தடைக்காலம் வந்தது. 2017இல் அது 61 நாளாக உயர்ந்தது. நம் கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகள் கடலுக்குப் போவதில்லை. மீன் முட்டையிட்டுப் பெருகட்டும் என்பதற்காகவே இது. கேரளம் 2015இல் சில மீன்களுக்கு அளவு குறித்தது. 10 சென்டிமீட்டருக்குக் குறைந்த மத்தியை அங்கே பிடிக்கக் கூடாது.

சட்டம் தாளில் இருந்தால் போதாது. ஊர் கூடி அதைக் காக்க வேண்டும். சின்னக் கண் வலை வேண்டாம் என்று ஒரு படகுக்காரர் மட்டும் விட்டால் பயன் இல்லை. எல்லோரும் விட வேண்டும். அப்போது வருமானம் குறையும் குடும்பத்துக்கு அரசு கைகொடுக்க வேண்டும். இதைக் கேட்பது மீனவர் உரிமை.

இன்னொரு செய்தி. ஹைதராபாதில் கடல் இல்லை என்றோம். ஆனால் கடலைக் கவனிக்கும் நிலையம் இங்கேதான் இருக்கிறது. அதன் பெயர் இந்திய தேசிய கடல்சார் தகவல் சேவை மையம். 1999இல் தொடங்கியது. செயற்கைக்கோள் கடல் நீரின் சூட்டையும் நிறத்தையும் பார்க்கும். அதை வைத்து, மீன் கூட்டம் இருக்கக்கூடிய இடத்தை இந்த மையம் மீனவருக்குச் சொல்கிறது. தமிழிலும் சொல்கிறது. இதனால் வீண் அலைச்சலும் டீசல் செலவும் குறையும். ஆனால் ஒன்றை மறக்கக் கூடாது. இருக்கும் மீனைத்தான் அது காட்டும். இல்லாத மீனை உண்டாக்காது.

அக்காவின் தம்பி இன்னும் ஊரில் கடலுக்குப் போகிறார். அவருக்குப் படிக்கத் தெரியாது. கைப்பேசியில் வரும் செய்தியை அப்படியே அக்காவுக்கு அனுப்புகிறார். அக்கா எழுத்துக் கூட்டி வாசித்து, திரும்பப் பேசிச் சொல்கிறார். போன வாரம் அவர் தம்பியிடம் இன்னொன்றும் சொன்னார்:

"குஞ்சு மீன் பட்டா உசுரோட கடல்ல விட்டுரு. நாளைக்கு உன் புள்ளைக்கும் மீன் வேணும்ல!"

பேசுவோம்

1. உங்கள் ஊர்ச் சந்தையில் முன்பு வந்து இப்போது வராத மீன் எது?
2. குஞ்சு மீனை வாங்காமல் இருக்க நம்மால் முடியுமா?
3. தடைக்காலத்தில் மீனவர் குடும்பம் பிழைக்க என்ன உதவி தேவை?

எழுதுவோம்

மீன் குறைவதற்கான நான்கு காரணங்களை உங்கள் சொற்களில் எழுதுங்கள்.