படம் எடுத்த நாள் எங்கே?

கைப்பேசியில் எடுக்கும் நிழற்படக் கோப்பினுள் எடுத்த நாளும் நேரமும் குறிப்பாகப் பதிகின்றன. ‘எக்சிஃப்’ என்னும் இம்முறை 1995-இல் ஜப்பானில் வகுக்கப்பெற்றது. வாட்ஸ்அப்பில் படமாக அனுப்புங்கால், அச்செயலி படத்தைச் சுருக்கி இக்குறிப்பை நீக்கிவிடுகிறது. ஆண்டிராய்டுக் கைப்பேசியில் வந்து சேரும் படத்தின் பெயரில் 20240805 என்பதுபோல் எட்டு இலக்கம் இருக்கக் காணலாம். அது படம் வந்த நாள், எடுத்த நாளன்று! பாட்டியின் கடைசிப் பொங்கற் படத்தை அண்ணன் ஆடியில் அனுப்பினால், படத்தொகுப்பில் அதைத் தை மாதத்தில் தேடுவோர்க்கு அகப்படாது. வெளியூரில் இருப்போர்க்கு இது சிறு குறையா?

ஆதலின் வீட்டாரிடம் நான் வேண்டுவது, படத்தை ‘ஆவணம்’ என்ற வழியில் அனுப்புக என்பதே. கோப்பு மாறாமல் வருவதால் நாளும் உடன் வரும். எடுத்த இடம் பதிந்திருப்பின் அதுவும் வரும். எனவே அயலார்க்கு அவ்வழி வேண்டா.